வலி முட்டியில், காரணம் மூளைக்கு அடியில்: பிட்யூட்டரி கட்டியும் மூட்டுவலியும்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் முட்டி வலிக்கிறது என்று சொன்னால் காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சம் இருக்காது. "நம்ம ஊரு தண்ணி அப்படி" என்பது முதல் பதில். அது சும்மா சொல்வதும் இல்லை. இந்த இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதிலிருந்தே பல வருடம் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கோடு விழும், கழுத்தும் முதுகும் இறுகும், கீழே உட்கார்ந்தால் எழ முடியாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். 2013-இல் அது தொடங்கிய பிறகு பல ஊர்க் குழாய்களில் காவிரித் தண்ணீர் வருகிறது. ஆனால் எலும்பில் ஏற்கெனவே படிந்தது அவ்வளவு சீக்கிரம் இறங்காது.

இரண்டாவது பதில் வயசு. மூன்றாவது பதில் வேலை. தக்காளி பறித்தால் இடுப்பு வலிக்காதா, ஓசூர் கம்பெனியில் நாள் முழுக்க நின்றால் கால் குடையாதா என்பார்கள். இந்த மூன்று பதிலும் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகவே இருக்கும். அதனால்தான் வேறு காரணத்தால் வலி வந்த சிலர் இந்த மூன்றுக்கும் நடுவில் காணாமல் போகிறார்கள். அந்தச் சிலரில் ஒரு வகையைப் பற்றியது இந்தக் கட்டுரை. அவர்களுக்கு வலி இருப்பது மூட்டில், வலியை உண்டாக்குவது தலைக்குள் இருக்கும் ஒரு சிறு கட்டி.

பிட்யூட்டரி என்பது என்ன?

மூக்கின் வேருக்கு நேர் பின்னால், மூளையின் அடியில், எலும்பாலான ஒரு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது பிட்யூட்டரி சுரப்பி. அளவு ஒரு பட்டாணி. எடை சுமார் அரை கிராம். இவ்வளவு சின்னதுதான் தைராய்டு எவ்வளவு சுரக்க வேண்டும், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி எவ்வளவு கார்டிசால் விட வேண்டும், மாதவிடாய் எப்போது வர வேண்டும், தாய்ப்பால் எப்போது ஊற வேண்டும் என்பதற்கெல்லாம் ரத்தம் வழியாக உத்தரவு அனுப்புகிறது. வளர்ச்சி ஹார்மோனும் இங்கிருந்துதான் வருகிறது.

இதில் வரும் கட்டிகள் ஏறக்குறைய எல்லாமே புற்றுநோய் அல்லாதவை. மற்ற இடங்களுக்குப் பரவாது, மெதுவாக வளரும். 10 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் சிறிய கட்டி, அதற்கு மேல் போனால் பெரிய கட்டி என்று டாக்டர்கள் பிரிக்கிறார்கள். "மூளைக்கட்டி" என்று காதில் விழுந்ததும் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். ஆனால் இது மூளையில் வரும் கட்டி இல்லை, மூளைக்கு வெளியே அடியில் இருக்கும் சுரப்பியில் வருவது.

சரி, தலைக்குள் இருக்கும் கட்டிக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம்? கட்டி எந்த மூட்டையும் போய் அழுத்துவதில்லை. அது செய்யும் கோளாறு இரண்டு விதம். ஒன்று, ஏதாவது ஒரு ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்து தள்ளும். இன்னொன்று, பக்கத்தில் இருக்கும் நல்ல சுரப்பியை நசுக்கி, வர வேண்டிய ஹார்மோன்களை வரவிடாமல் செய்யும். சில கட்டிகள் இரண்டையும் செய்யும். அதனால் எந்த ஹார்மோன், அது கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் வலிக்கு மட்டும் மாத்திரை போட்டால், மாதக்கணக்கில் போட்டாலும் போட்ட இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

வளர்ச்சி ஹார்மோன் கூடினால்

மூட்டுவலிக்கு நேரடிக் காரணமாக வருவது பெரும்பாலும் இதுதான். அக்ரோமெகலி என்று பெயர். 1886-இல் பிரான்சில் பியர் மரி என்ற மருத்துவர் இதை விவரித்து இந்தப் பெயரை வைத்தார். இளம் வயதில் எலும்பின் நுனி மூடுவதற்கு முன் இந்த ஹார்மோன் கூடினால் ஆள் அசாதாரண உயரமாக வளர்வார். வளர்ந்து முடிந்த பிறகு கூடினால் உயரம் கூட வழியில்லை. அதனால் கை, கால், தாடை, மூக்கு, நாக்கு எல்லாம் பெருக்க ஆரம்பிக்கும். ஒரு நாளில் இல்லை, ஒரு வருடத்திலும் இல்லை. அவ்வளவு மெதுவாக நடப்பதால் தினமும் முகம் பார்க்கிற வீட்டுக்காரர்கள் கண்ணுக்கே தெரியாது. முதல் அறிகுறிக்கும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கும் நடுவில் பல வருடம் ஓடிவிடுவது உலகம் முழுக்கவே வழக்கம்.

என் அக்கா பாலக்கோடு பக்கம் தையல் வேலை செய்கிறவர். முட்டி வலி, இடுப்பு வலி, ராத்திரியில் கை மரத்துப்போவது என்று மூன்றும் சேர்ந்து இருந்தன. "மெஷின் மிதிச்சா முட்டி வலிக்காம என்ன செய்யும்" என்று எல்லோரும் சொன்னோம், அவரும் அதையே சொன்னார். அந்த நேரத்தில் அவர் கத்தரிக்கோலை மாற்றினார். பழைய கத்தரிக்கோலின் வளையத்தில் கட்டைவிரல் நுழையவில்லை. அதற்கு முன்பே மெட்டி இறுகி, ஆசாரியிடம் போய் அறுத்து எடுத்தாகிவிட்டது. செருப்பு 6-ஆம் நம்பரிலிருந்து 8-க்குப் போயிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் இருந்தது: உடம்பு போட்டுவிட்டது, விரல் வீங்கியிருக்கிறது, இந்தக் கம்பெனி செருப்பு சின்னதாக வருகிறது. பிரஷருக்காகப் பார்க்கப் போன ஒரு டாக்டர்தான் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழைய போட்டோ ஏதாவது வெச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். பர்ஸில் பழைய வாக்காளர் அட்டை இருந்தது. அதிலிருந்த முகத்தையும் எதிரில் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்ததும் டாக்டர் எழுதிக்கொடுத்தது ஒரு ரத்தப் பரிசோதனை.

அந்தப் பரிசோதனை பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். வளர்ச்சி ஹார்மோன் கூடினால் கல்லீரல் ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனை அதிகமாகச் செய்யும். இரண்டும் சேர்ந்து மூட்டில் எலும்பு நுனியை மூடியிருக்கும் குருத்தெலும்பைத் தடிக்க வைக்கும். சாதாரண மூட்டுத்தேய்மானத்தில் எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு எலும்புக்கும் நடுவில் இடைவெளி குறைந்திருக்கும். இங்கே ஆரம்பத்தில் அந்த இடைவெளி கூடியிருக்கும். தடித்த குருத்தெலும்பு உறுதியாக இருந்தால் பரவாயில்லை, அப்படி இருக்காது. அதில் வெடிப்பு விழும், ஓரத்தில் எலும்பு முளைக்கும், மூட்டைச் சுற்றி இருக்கும் நார்கள் தளர்ந்து மூட்டு ஆட்டம் காணும். பிறகு அது சாதாரணத் தேய்மானம் போகும் பாதையிலேயே போய்ச் சேரும், ஆனால் வயதுக்கு முன்னால். முட்டி, இடுப்பு, தோள், முதுகெலும்பு என்று பல இடத்தில் ஒரே காலத்தில் வலி வருவது இதனால்தான். முதுகெலும்பில் கூடுதலாக ஒரு ஆபத்து உண்டு. எலும்பு அடர்த்தி ஸ்கேனில் எல்லாம் சரி என்று வந்தாலும்கூட முள்ளெலும்பு சத்தமில்லாமல் நசுங்கலாம்.

கை மரத்துப்போவது தனிக் கதை. மணிக்கட்டில் ஒரு குறுகிய வழியில் நரம்பு ஒன்று உள்ளங்கைக்குள் போகிறது. சுற்றியுள்ள திசு உப்பினால் நரம்பு நசுங்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு மரத்து, எரிந்து, தூக்கத்தைக் கலைக்கும். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் கொஞ்சம் விடும். பகலில் களி கிண்டத் துடுப்பைப் பிடித்தால் பிடி நழுவும். இது சர்க்கரை நோயிலும், தைராய்டு குறைவிலும், கர்ப்ப காலத்திலும் வரக்கூடியதுதான். இரண்டு கையிலும் வந்து, கூடவே மோதிரமும் இறுகினால் யோசிக்க வேண்டும்.

கூட வரும் மற்ற அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன். காரணமில்லாமல் வேர்த்துக் கொட்டுவது, தோல் எண்ணெய்ப் பசையாகத் தடிப்பது, குரல் கனப்பது, பல்லுக்கு நடுவில் இடைவெளி விழுவது, பக்கத்து அறை வரை கேட்கும் குறட்டை, புதிதாக வந்த சர்க்கரையும் பிரஷரும், தலைவலி. ஃப்ளோரைடு பாதிப்பில் இவை வராது. ஃப்ளோரைடால் மூட்டு இறுகும், எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளை வெளேரென்று அடர்த்தியாகத் தெரியும், சின்ன வயதிலிருந்தே அந்தத் தண்ணீரைக் குடித்தவர் என்றால் பல்லில் கறை இருக்கும். ஆனால் செருப்பு அளவு மாறாது. நம் ஊரில் ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கவும் வாய்ப்பு உண்டு. பல்லில் கறையைப் பார்த்ததும் "அதான் காரணம்" என்று அங்கேயே நிறுத்திவிடக் கூடாது.

கார்டிசால் கூடினால், புரோலாக்டின் கூடினால்

இன்னொரு வகைக் கட்டி அட்ரினல் சுரப்பியை விரட்டி விரட்டி கார்டிசால் சுரக்க வைக்கும். குஷிங் நோய் என்பார்கள். முகம் உருண்டையாகும், வயிறு பெருக்கும், கையும் காலும் மெலியும், வயிற்றில் ஊதா நிறத்தில் அகலமான வரிகள் விழும். இதில் வலியைவிடத் தசை பலவீனம்தான் முதலில் தெரியும். குந்தி உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாது, படி ஏறத் தொடை ஒத்துழைக்காது. எலும்பு வலுவிழந்து முதுகெலும்பு நசுங்கினால் கடும் முதுகுவலி வரும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டியே இல்லாமல் இதே கோலம் வருவதற்கு நம் பக்கத்தில் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. மூட்டுவலிக்கு என்று பெயர் தெரியாத சின்ன மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள், இல்லையென்றால் ஏதோ பொடி கொடுப்பார்கள். சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துவிடும். அப்படிப் பறந்தால் அதில் ஸ்டீராய்டு, அதாவது கார்டிசால் மாதிரியே வேலை செய்யும் மருந்து, இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு கரையும். திடீரென்று நிறுத்தினால் உடம்பு சொந்தமாகக் கார்டிசால் சுரக்க மறந்துபோய், ஆள் சுருண்டு விழுவார். அதனால் நிறுத்துவதையும் டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் செய்ய வேண்டும்.

புரோலாக்டின் கூடும் கட்டிதான் பிட்யூட்டரி கட்டிகளில் அதிகம் காணப்படுவது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும், குழந்தை இல்லாமலே பால் கசியும். ஆண்களுக்கு ஆண்மைக் குறைவு வரும், அதை வெளியே சொல்லாமல் வருடக்கணக்கில் ஓட்டிவிடுவார்கள். நேரடியாக மூட்டுவலி தராது. ஆனால் பாலின ஹார்மோன்கள் வற்றுவதால் எலும்பு மெலியும். இதற்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவையில்லை. கேபர்கோலின் என்ற மாத்திரையை வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போட்டாலே கட்டி சுருங்கிவிடுகிறது.

ஹார்மோன் குறைந்தால் வரும் வலி

இது வேறு மாதிரி வலி. ஒரு மூட்டைக் காட்டிச் சொல்ல முடியாது. "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்பார்கள். காலையில் எழவே மனம் வராது. பசி இருக்காது, நின்றால் தலை சுற்றும். கட்டி அழுத்தியதாலோ, ஆபரேஷனுக்குப் பிறகோ, கதிர்வீச்சுக்குப் பல வருடம் கழித்தோ பிட்யூட்டரி சோர்ந்துபோனால் இப்படி ஆகும். கார்டிசால் குறைந்தாலும் தைராய்டு குறைந்தாலும் தசைவலி வரும். பெரியவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைந்தால் தசை வலு குறைந்து எப்போதும் அசதியாக இருக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. உடம்பு வலி, அசதி என்றதும் முதலில் எழுதுவது தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் பரிசோதனை. அது நார்மல் என்று வந்தால் தைராய்டு இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். டிஎஸ்ஹெச் என்பதே பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவுதான். உத்தரவு போடும் இடமே படுத்துவிட்டால் அந்த எண்ணை நம்பி என்ன பயன்? டிஎஸ்ஹெச் நார்மலாகக் காட்டும், தைராய்டு ஹார்மோன் மட்டும் தரையில் கிடக்கும். பிட்யூட்டரி சந்தேகம் இருந்தால் ஃப்ரீ டி4, அதாவது தைராய்டு ஹார்மோனின் அளவையே, சேர்த்துப் பார்க்க வேண்டும். காலை 8 மணி வாக்கில் கார்டிசாலும் பார்க்க வேண்டும். இரண்டும் குறைவு என்றால் முதலில் ஸ்டீராய்டு மாத்திரை, பிறகுதான் தைராய்டு மாத்திரை. வரிசை மாறினால் ஆபத்து.

கட்டியே இல்லாமல் இதே நிலை வருவதும் உண்டு. பிரசவத்தில் அதிகமாக ரத்தம் போய், பிட்யூட்டரிக்கு ரத்த ஓட்டம் இல்லாமல் அது சாகும். ஷீஹான் நோய் என்று பெயர். குழந்தை பிறந்து பால் சுரக்கவில்லை, அதன் பிறகு மாதவிடாயும் திரும்பவில்லை, பத்து வருடமாக உடம்பு வலி, குளிர் தாங்கவில்லை என்று யாராவது சொன்னால், பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்களா என்று கேட்டுப் பாருங்கள். நம் கிராமங்களில் வீட்டிலேயே பிரசவம் பார்த்த தலைமுறைப் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். "அவ அப்பவே ஒரு மாதிரி சோம்பேறி" என்று பேர் வாங்கிய சிலருக்கு இருந்தது இந்த நோயாக இருந்திருக்கலாம்.

என்ன பரிசோதனை, என்ன சிகிச்சை

அக்காவுக்கு டாக்டர் எழுதியது ஐஜிஎஃப்-1. வளர்ச்சி ஹார்மோனை நேரடியாகப் பார்த்தால் என்ன என்று தோன்றும். அது நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் ஒரு தடவை எடுத்த அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஐஜிஎஃப்-1 நிலையாக இருக்கும், வயதுக்கு ஏற்ற அளவோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அது கூடியிருந்தால், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு இடைவெளி விட்டு விட்டு ரத்தம் எடுப்பார்கள். நல்ல உடம்பில் சர்க்கரை ஏறினால் வளர்ச்சி ஹார்மோன் அடங்கும். கட்டி இருந்தால் அடங்காது. அதற்குப் பிறகுதான் பிட்யூட்டரிக்கான எம்ஆர்ஐ. கண் பரிசோதனையும் செய்வார்கள், ஏனென்றால் கண் நரம்புகள் பிட்யூட்டரிக்கு நேர் மேலே குறுக்காகப் போகின்றன. கட்டி மேலே எழும்பினால் பக்கவாட்டுப் பார்வை போகும். நேராகப் பார்த்தால் எல்லாம் தெரியும், இரண்டு ஓரமும் இருட்டாகும். வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பக்கத்தில் வரும் லாரி கடைசி நொடியில்தான் கண்ணில் படும்.

புரோலாக்டின் கட்டியைத் தவிர மற்றவற்றுக்கு முதல் சிகிச்சை பெரும்பாலும் ஆபரேஷன்தான். மண்டையைத் திறப்பதில்லை, மூக்கு வழியாகவே போய் எடுத்துவிடுகிறார்கள். சிறிய கட்டி என்றால் முழுதாக வந்துவிட நல்ல வாய்ப்பு உண்டு. பெரிய கட்டியில் கொஞ்சம் மிச்சம் இருந்துவிடலாம். அப்போது அக்ரோமெகலிக்கு ஆக்ட்ரியோடைடு அல்லது லான்ரியோடைடு ஊசி மாதம் ஒரு முறை, அல்லது கேபர்கோலின் மாத்திரை, அதிலும் அடங்கவில்லை என்றால் கதிர்வீச்சு.

ஆக்ட்ரியோடைடு ஊசியைப் பற்றி ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சின்ன விஷயம்: அதை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். வெளியூரிலிருந்து வாங்கி வந்தால் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக்கோடு வரும். போடுவதற்கு முன் சிறிது நேரம் வெளியே வைத்துக் குளிர் தணிய விட்டு, பொடியை அதன் திரவத்தில் சொன்னபடி கலக்கி, இடுப்புத் தசையில் ஆழமாகப் போட வேண்டும். கலக்கிவிட்டுத் தாமதித்தால் ஊசியிலேயே அடைத்துக்கொள்ளும். அவ்வளவு விலை கொடுத்த மருந்து பாதி உள்ளே பாதி வெளியே என்று ஆனால் வயிற்றெரிச்சல்தான். அதனால் இந்த ஊசியைப் போட்டுப் பழகிய நர்ஸ் யார் என்று முதலிலேயே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. போட்ட சில நாள் வயிறு கலக்கும், காலப்போக்கில் சிலருக்குப் பித்தப்பையில் கல் வரும்.

கட்டி போன பிறகும் வலி ஏன்?

நோயாளிகள் மனம் உடைவது இந்த இடத்தில்தான். ஆபரேஷன் முடிந்து சில நாளில் விரல் வீக்கம் வடியும், வேர்வை குறையும், கை மரத்துப்போவது பெரும்பாலும் விடும், மோதிரம் சுழலும். சந்தோஷமாக இருக்கும். ஆனால் முட்டியும் இடுப்பும் வலிக்கும். ஐஜிஎஃப்-1 நார்மல் என்று ரிப்போர்ட் வந்த பிறகும் வலிக்கும். "எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்றாங்க, எனக்கு ஏன் இப்படி" என்று அக்கா கேட்காத நாளில்லை.

காரணம் எளிது. உப்பிய சதை வடியும். வெடித்த குருத்தெலும்பும் முளைத்த எலும்பும் பழையபடி ஆகாது. ஹார்மோனை அடக்குவதால் மூட்டு மேலும் கெடுவது குறைகிறது, கெட்டது கெட்டதுதான். அதனால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. அதே நேரம், "கட்டிதான் போயிடுச்சே, இனி வலின்னு சொல்லாதே" என்று வீட்டில் சொல்வதும் நியாயமில்லை. கட்டிக்கு ஒரு வைத்தியம், மிச்சமிருக்கும் மூட்டுக்கு இன்னொரு வைத்தியம் என்று இரண்டு கணக்காக வைத்துக்கொள்ள வேண்டும்.

குஷிங் நோய்க்கு ஆபரேஷன் செய்தவர்களுக்கு இது தலைகீழாக நடக்கும். முன்பு இல்லாத மூட்டுவலியும் தசைவலியும் ஆபரேஷனுக்குப் பிறகு புதிதாக வரும். வருடக்கணக்கில் கார்டிசாலில் மூழ்கியிருந்த உடம்பு திடீரென்று அது இல்லாமல் தவிக்கிறது. தோல் உரியும், மனசும் சோர்ந்துவிடும். பல மாதம் நீடிக்கலாம். கட்டி போயிருப்பதன் அடையாளம் அது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதி பயம் குறையும்.

வலியோடு அன்றாடம்

வலி மாத்திரையில் தொடங்குகிறேன், எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவை ஒரு வாரம் பத்து நாள் உதவும். மெடிக்கலில் பட்டை பட்டையாக வாங்கித் தினமும் போட்டால் சிறுநீரகமும் வயிறும் கெடும், பிரஷர் ஏறும். அக்ரோமெகலி நோயாளிக்கு ஏற்கெனவே பிரஷர், கார்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஏற்கெனவே வயிற்றுப்புண் பயம். பாராசிட்டமால் பாதுகாப்பானது, அதற்கும் அளவு உண்டு. வலிக்கும் மூட்டில் தடவும் ஜெல், வெந்நீர் ஒத்தடம் இரண்டும் சாதாரணமாகத் தோன்றினாலும் பயன் உண்டு.

மாத்திரையைவிட அதிகம் கை கொடுப்பது தொடைத் தசை. முட்டிக்கு மேலே இருக்கும் தசை வலுவானால் முட்டி தாங்க வேண்டிய பாரம் குறையும். நாற்காலியில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கிப் பத்து எண்ணும் வரை வைத்திருந்து இறக்குவது. இரண்டு காலுக்கும் மாற்றி மாற்றி, காலையும் மாலையும். இதற்குக் காசு இல்லை, இடம் வேண்டாம். ஆனால் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதால் பலர் இரண்டாவது வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு உண்டு, ஒரு தடவை நேரில் போய்க் கற்றுக்கொண்டு வந்தால் வீட்டில் தப்பில்லாமல் செய்யலாம். முதுகெலும்பு நசுங்கியவர்கள் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். குனிந்து செய்யும் பயிற்சி அவர்களுக்கு ஆகாது.

வீட்டில் மாற்ற வேண்டியது தரைதான். தரையில் உட்கார்ந்து சமைப்பது, தரையில் படுப்பது, குந்தி உட்காரும் கழிப்பறை மூன்றும் கெட்ட முட்டிக்கு எதிரி. புதிதாகக் கட்ட வேண்டாம், இருக்கும் கழிப்பறை மேல் வைக்கிற ஸ்டூல் போன்ற கமோடு மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கிறது. அக்கா காலால் மிதிக்கும் மெஷினுக்கு மோட்டார் மாட்டிக்கொண்டார். கத்தரிக்கோல் கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக்கொண்டார். தடித்த பிடியைப் பிடிக்க விரல் அவ்வளவு மடங்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காருவதில்லை. களி கிண்டுவதை மகனிடம் விட்டுவிட்டார். அவன் கிண்டும் களியில் கட்டி இருக்கிறது என்று தினமும் குறை சொல்கிறார், இருந்தாலும் விட்டுவிட்டார்.

குறட்டையை வலியோடு சேர்த்துப் பார்க்க மறந்துவிடுகிறோம். அக்ரோமெகலியில் நாக்கும் தொண்டையும் தடித்து, தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு நிற்கும். ராத்திரி முழுக்க அரைகுறைத் தூக்கம் என்றால் மறுநாள் அதே வலி இரண்டு மடங்காகத் தெரியும். தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல முடியும், சொல்லுங்கள். இதற்குப் பரிசோதனையும் இருக்கிறது, மூச்சுக்கு உதவும் கருவியும் இருக்கிறது.

ஹைட்ரோகார்டிசோன் அல்லது பிரெட்னிசோலோன் மாத்திரை வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டியவர்கள் ஒரு வேளையும் தவறவிடக் கூடாது. ஆடி மாதம் விரதம் இருந்தாலும் மாத்திரை உள்ளே போக வேண்டும். காய்ச்சல் வந்தால் அளவை வழக்கமாக இரட்டிப்பாக்கச் சொல்வார்கள், எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாந்தியெடுத்து மாத்திரை தங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்க நேரமில்லை, ஊசியாகவே போட்டாக வேண்டும். "இவருக்கு ஸ்டீராய்டு நிறுத்தக் கூடாது" என்று எழுதிய சீட்டு ஒன்று பர்ஸில் எப்போதும் இருக்கட்டும். விபத்து என்று போனால் மயங்கிக் கிடப்பவர் பேச மாட்டார், சீட்டு பேசும்.

இன்னொரு அவசரமும் உண்டு. பிட்யூட்டரி கட்டி இருப்பவருக்கு இடி விழுந்தது போல் திடீர்த் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், இமை தொங்குவது எல்லாம் சேர்ந்து வந்தால் கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். தைலம் தடவிப் படுக்க வைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மூட்டு அடியோடு தேய்ந்துவிட்டால் மூட்டு மாற்று ஆபரேஷன் இவர்களுக்கும் செய்யலாம். ஹார்மோன் கட்டுக்குள் வந்த பிறகு செய்வது நல்லது. மயக்க மருந்து கொடுப்பவரிடம் பிட்யூட்டரி விஷயத்தை மறக்காமல் சொல்ல வேண்டும். தடித்த நாக்கும் தாடையும் இருப்பவருக்கு மூச்சுக்குழாய் வைப்பது சிரமம், மயக்க மருந்து கொடுப்பவர் அதற்குத் தயாராக வர வேண்டும்.

எங்கே போவது

ஆரம்பம் பக்கத்திலிருக்கும் பொது மருத்துவரிடம்தான். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. வலியை மட்டும் சொல்லாமல் செருப்பு, மோதிரம், குறட்டை, மாதவிடாய், பார்வை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். தனித்தனி டாக்டரிடம் தனித்தனியாகச் சொன்னால் முட்டிக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், குறட்டைக்கு ஒருவர் என்று பிரிந்து, யாருக்கும் முழுப்படம் தெரியாமல் போகும். அடுத்தபடி ஹார்மோன் நிபுணர், அதாவது எண்டோகிரைனாலஜிஸ்ட். பிட்யூட்டரி ஆபரேஷனை அடிக்கடி செய்து பழகிய இடமாகப் பார்த்துப் போவது முக்கியம். நம் பக்கத்திலிருந்து போகக்கூடிய தூரத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸும் வேலூர் சிஎம்சியும் இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்கே, எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதைக் கிளம்புவதற்கு முன் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொண்டால் அங்கே போய் அலைய வேண்டியிருக்காது.

போகும்போது பழைய போட்டோ இரண்டு மூன்று, ஐந்து வருட இடைவெளியில் எடுத்ததாக, கையில் இருக்கட்டும். எம்ஆர்ஐ எடுத்தால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, சிடியையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த வருடம் எடுக்கும் படத்தை அதோடு ஒப்பிட்டுத்தான் கட்டி வளர்ந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்று சொல்வார்கள். வெயிலிலும் கீறலிலும் சிடி கெட்டுப்போகும் என்பதால் ஒரு பென் டிரைவிலும் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள்.